ஏட்டில் இல்லாத வட்டுகள்

மெய்நிகர்க் கணினி என்பது, ஒரு சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் பிறவற்றோடு பங்கிட்டுக்கொண்டு, தனிக் கணினி போலவே இயங்கும் மென்பொருள் அமைப்பு; அதன் வன்தட்டாகத் தோற்றமளிப்பது, சேமிப்பகத்தில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பே. கணினி கைவிடப்பட்ட பின்னும் அக்கோப்பு அழியாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும், அத்தகைய கோப்புகளை ஸ்கிரிப்ட் எனப்படும் சிறுநிரல்களை எழுதித் தேடிப் பிடிப்பதும் 2000-களின் தரவு மையங்களில் வாடிக்கையாயின. இதை நிர்வாகிகளின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது பொருந்தாது. கணினியைப் பற்றிய பதிவு ஓரிடத்திலும் அதன் வட்டு வேறோரிடத்திலும் இருக்குமாறு அமைக்கப்பட்டதே இதற்கு மூலகாரணம்.

அப்படிப் பிரிக்கப்படாத காலமும் இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1972 ஆகஸ்டில் அறிவித்த விஎம்/370 அமைப்பில், பெரிய வட்டு ஒன்று சிலிண்டர் எனப்படும் அலகுக் கணக்கில் கூறுபோடப்பட்டு, ஒவ்வொரு பயனருக்கும் மினிடிஸ்க் என்ற பெயரில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. எந்தச் சிலிண்டரில் தொடங்கி எத்தனை சிலிண்டர் வரை யாருக்கு உரியது என்பது பயனர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். ஏட்டிலுள்ள அவ்வரியே மினிடிஸ்க்கின் இருப்புக்கு ஆதாரம் என்பதால், வரியை நீக்கினால் அந்த இடம் தானாகவே வெற்றிடமாகிவிடும். பிற்காலத்தில் வழங்கிய டிஸ்க்மேப் என்னும் சிறுநிரல், ஏட்டை வாசித்து, எங்கே இடைவெளி இருக்கிறது, எங்கே இருவரின் பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டியது. உரிமையாளரற்ற வட்டு என்ற கருத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை.

1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் 2001-இல் மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் இஎஸ்எக்ஸ் சர்வர் என்னும் மென்பொருளை வெளியிட்டபோது நிலைமை மாறியது. அதன் இரண்டாம் பதிப்பில், ஒரு கணினிக்கு எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், எந்த வட்டு என்பதைக் குறிக்கும் விஎம்எக்ஸ் என்னும் அமைவுக் கோப்பு சர்வரின் சொந்த வட்டில் இருந்தது. விஎம்டிகே எனப்படும் வட்டுக் கோப்போ, பல சர்வர்கள் பகிர்ந்துகொண்ட விஎம்எஃப்எஸ் சேமிப்பகத்தில், உட்கோப்புறை எதுவுமில்லாத ஒரே வெளியில் கிடந்தது. 2006-இல் வந்த மூன்றாம் பதிப்பு உட்கோப்புறைகளை அனுமதித்து, இரு கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது. ஆனால் அதற்குள் 2003-இல் அறிமுகமான விர்ச்சுவல்சென்டர் என்னும் மேலாண்மை மென்பொருள், கணினிகளின் பட்டியலைத் தனியொரு தரவுத்தளத்தில் பேணத் தொடங்கியிருந்தது. ஒரு பிரிவு மறைய மற்றொன்று வந்து சேர்ந்தது.

அந்தப் பட்டியலிலிருந்து ஒரு கணினியை அகற்ற இரண்டு கட்டளைகள் இருந்தன: ஒன்று பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும், மற்றொன்று வட்டையும் சேர்த்து அழிக்கும். தவறுதலாக எதுவும் அழிந்துவிடக் கூடாது என்ற நியாயமான எச்சரிக்கையால் முதல் கட்டளையே பலருக்குப் பழக்கமாயிற்று. இன்னொரு வழியாகவும் எச்சங்கள் சேர்ந்தன. இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டை ஒரு சேமிப்பகத்திலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும் ஸ்டோரேஜ் விமோஷன் வசதி, பாதியில் முறிந்தால் இலக்கிடத்தில் அரைகுறை நகலை விட்டுச்செல்லக்கூடும்.

தொடக்கத்தில் இவற்றைத் தேடியவர்கள், இஎஸ்எக்ஸ் சர்வருடன் வந்த லினக்ஸ் முனையத்தில் ஷெல் சிறுநிரல் எழுதினார்கள். சேமிப்பகத்திலுள்ள விஎம்டிகே கோப்புகளையெல்லாம் ஒரு பட்டியலாகவும், விஎம்எக்ஸ் கோப்புகளில் குறிக்கப்பட்ட வட்டுப் பெயர்களை மற்றொரு பட்டியலாகவும் எடுத்து, முதலாவதில் மட்டும் இருப்பவற்றை அச்சிடுவது அதன் முறை; கிடங்கு இருப்பைப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்கும் கணக்குப்பிள்ளையின் வேலைதான் அது. எளிமையான இம்முறையில் கொடிய பொறி ஒன்று இருந்தது. ஸ்நாப்ஷாட் எனப்படும் நிலைப்பதிவை எடுத்ததும், மூல வட்டு உறைந்து நிற்க, புதிய மாற்றங்கள் டெல்டா என்னும் துணைக் கோப்பில் எழுதப்படும். அப்போது விஎம்எக்ஸ் கோப்பு துணைக் கோப்பை மட்டுமே சுட்டும், மூல வட்டின் பெயர் அத்துணைக் கோப்பின் விவரப் பகுதிக்குள்தான் காணப்படும். எனவே மேலோட்டமாக எழுதிய சிறுநிரல், உயிரோடு இயங்கும் ஒரு கணினியின் அடித்தளத்தையே அநாதை என்று அறிவித்துவிடும். ஸ்நாப்ஷாட் பட்டியலையும் முழுதாக நம்ப முடியவில்லை. மூல வட்டோடு மீண்டும் இணைக்கும் முயற்சி தோல்வியுற்ற டெல்டா, பட்டியலில் தெரியாமலேயே பயன்பாட்டில் தொடர்வதுண்டு. அத்தகைய கணினியைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கும் வசதி விஎம்வேரின் விஸ்ஃபியர் என்னும் மென்பொருள் தொகுப்பின் 2011-ஆம் ஆண்டு 5.0 பதிப்பில்தான் வந்தது.

பொறியிலிருந்து தப்பும் வழி கணினியியலுக்குப் புதிதன்று. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி குறித்து 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், நிரலின் அடிப்படைச் சுட்டிகளில் தொடங்கி, அவை சுட்டுவதையும், சுட்டப்பட்டவை மேலும் சுட்டுவதையும் சங்கிலியாகப் பின்தொடர்ந்து குறியிட்டுவிட்டு, குறியில்லாத நினைவிடங்களை மீட்டெடுக்கும் முறையை விளக்கியிருந்தார். வட்டுக் கோப்புகளுக்கும் வேண்டியிருந்தது அதுவே: விஎம்எக்ஸ் கோப்போடு நின்றுவிடாமல், டெல்டாவிலிருந்து அதன் மூலத்திற்கும், அந்த மூலம் இன்னொரு டெல்டாவாயின் அதன் மூலத்திற்கும் போய்ச் சேர வேண்டும்.

அதை எளிதாக்கியது பவர்ஷெல். ஜெஃப்ரி ஸ்னோவர் 2002-இல் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்து, 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இந்தக் கட்டளை மொழி, வெறும் எழுத்து வரிகளுக்குப் பதிலாகப் பண்புகளுடன் கூடிய பொருள்களையே ஒரு கட்டளையிலிருந்து மறு கட்டளைக்குக் கடத்தியது. விஎம்வேர் 2008-இல் இதற்கென வெளியிட்ட கட்டளைத் தொகுப்பு, மறு ஆண்டு பவர்சிஎல்ஐ என்று பெயர் மாறியது. விஸ்ஃபியர் 4.0 பதிப்பிலிருந்து, ஒரு கணினிக்கு உரிய கோப்புகள் அனைத்தையும் ஸ்நாப்ஷாட் சங்கிலியோடு சேர்த்துத் தரும் லேஅவுட்எக்ஸ் என்னும் பண்பும் கிடைக்கவே, பக்கக்கணக்கில் எழுத வேண்டியிருந்த சிறுநிரல் சில பத்து வரிகளில் அடங்கிற்று. ஆர்விடூல்ஸ் போன்ற இலவசக் கருவிகள் இதே ஒப்பீட்டைச் செய்து, ‘ஸோம்பி’ எனச் சந்தேகிக்கத்தக்க கோப்புகளைத் தனிப் பக்கத்தில் காட்டின.

ஆயினும் எந்தச் சிறுநிரலும் தனக்குக் காட்டப்பட்ட ஏட்டைத்தான் அறியும். ஒரே சேமிப்பகத்தை இரண்டு விசென்டர்கள் (விர்ச்சுவல்சென்டரின் பிற்காலப் பெயர்) பகிர்ந்துகொண்டால், முதலாவதில் ஓடும் சிறுநிரலுக்கு இரண்டாவதன் கணினிகள் யாவும் அநாதைகளே. புதிய கணினிகளை வார்ப்பதற்கென வைத்திருக்கும் டெம்ப்ளேட்டுகளைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்களுக்கும், பேரிடர்க் காப்பாக வேறு தளத்திலிருந்து படியெடுக்கப்பட்ட வட்டுகளைப் பட்டியலில் கண்டவர்களுக்கும் இதே குழப்பம் நேரும். ஆகவே அனுபவமுள்ளோர் பட்டியலை நேரே அழிக்கும் கட்டளைக்கு அனுப்புவதில்லை. கடைசியாக மாறிய தேதியைப் பார்த்து, எந்தச் சர்வராவது கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறதா என்று சோதித்து, வேறு கோப்புறைக்கு நகர்த்திச் சில வாரங்கள் காத்திருந்த பின்னரே அழிப்பர். தேடலை இயந்திரத்திடம் விட்டு, தீர்ப்பை மனிதரிடம் வைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு சற்று மந்தமானதுதான், ஆனால் சரியானது.

விஸ்ஃபியர் 6.5 பதிப்பு எந்தக் கணினியையும் சாராமல் தனித்தே வாழும் முதல்தர வட்டு (எஃப்சிடி) என்னும் வகையைக் கொண்டுவந்தது; குபெர்நெட்டிஸ் என்னும் மென்பொருள் மேடையில் இயங்கும் பயன்பாடுகளின் தரவு இவற்றில் சேமிக்கப்படுவதுண்டு. கணினியோடு இணைக்கப்படாத நேரத்தில் பழைய ஒப்பீட்டின்படி இவை கைவிடப்பட்டவையாகவே தோன்றும். எனவே 2009 காலத்துச் சிறுநிரலை இன்றும் ஓட்டுவோர், எஃப்சிடி என்னும் பெயருள்ள கோப்புறையைத் தேடலிலிருந்து முதலில் விலக்கிவிட வேண்டும்.