துண்டும் அடையாளமும்

ஹட்டன், நுவரெலியா முதலிய மலைநாட்டுப் பிரதேசங்களில் தேயிலைத் தோட்டங்கள் பெருகிய காலத்திலே, ஒரு தொழிலாளி தேகபலமும் உழைக்கும் விருப்பமும் உடையவனாயிருந்தும், கடன் தீர்க்கப்பட்டால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' கையில் இல்லாமல் வேறொரு தோட்டத்தின் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் பதிய இயலாதவனாயிருந்தான். கங்காணியின் கணக்கிலே வளர்ந்த கடனோடு அவனைப் பிணைத்த அந்தக் காகிதம் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது; மனிதனைச் சீட்டால் கட்டிய கொடுமை அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மனிதனுக்கு அநீதியாயிருந்த அத்தகைய நியமமே யந்திரத்துக்கு ரக்ஷையாக அமைந்ததும் சரித்திரமே. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டதும், 2003இல் லினக்ஸ் 2.6 கர்னலோடு வெளிவந்ததுமான எஸ்இலினக்ஸ், ஒவ்வொரு நிரலுக்கும் கோப்புக்கும் ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது. இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பைண்ட் சேவை, தன் பதிவுக் கோப்புக்குத் தானே உரிமையாளனாயிருந்தும், அக்கோப்பின் அடையாளம் பொருந்தாவிடில் அதில் ஒரு வரியும் எழுத மாட்டாது. சாதாரண அனுமதிகளை எத்தனை முறை திருத்தினாலும் பிரயோஜனமில்லை. எந்த நிரல், எந்தக் கோப்பில், எந்தச் செயலுக்காக மறுக்கப்பட்டது என்பது ஆடிட் பதிவேட்டில் 'ஏவிசி' என்ற குறிப்போடு பதிந்திருக்கும். அதனை ஆராய்ந்து, செமேனேஜ் கட்டளையால் உரிய அடையாளத்தை விதித்து, ரெஸ்டோர்கான் கட்டளையால் அதை ஒட்டினால் பதிவு தொடங்கும்.

கணினித் தொழிலில் புகும் மலையக இளைஞர்களே, பொறுமையிழந்து அந்தக் காவலையே அணைத்துவிடாதீர்கள். முதலில் பதிவேட்டைத் திறந்து வாசியுங்கள்.