அண்டங்கள் பல, அடியார் யார்?

2025 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோளை ஆராய்ந்தது. பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு வாயுவின் அடையாளம் அதன் வளிமண்டலத்தில் தென்படுகிறது என்றார்கள். சான்று போதாது என்று வேறு வானியலாளர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு அவர்களுக்குள் நடக்கட்டும். உயிர் உண்டென்று ஒருநாள் உறுதியாகிவிட்டால் நம் வழிபாடும் நம்பிக்கையும் என்னாகும் என்பதே நாம் கேட்க வேண்டியது.

மேலை நாட்டில் இது கடினமான கேள்வி. எண்ணற்ற உலகங்கள் உண்டென்ற ஜியோர்டானோ புரூனோவை 1600இல் ரோமில் எரித்தார்கள்; அவர்மீது வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. கடவுள் ஒரே முறை, இந்த மண்ணில் மனிதராக வந்தார் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை. அப்படியானால் மற்ற உலகத்தாருக்கு மீட்பு எப்படி? ஆனாலும் 2008இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் ஹோசே கேப்ரியல் ஃபியூனெஸ், வேற்றுலகத்தாரையும் சகோதரராகவே கொள்ளலாம் என்று கூறிவிட்டார். இஸ்லாத்தில் இறைவன் உலகங்கள் அனைத்துக்கும் அதிபதி. அங்கே நெருக்கடி குறைவு.

சைவத்துக்குக் கணக்கே வேறு. திருவாசகத்தின் மூன்றாம் பகுதியான திருவண்டப் பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேல் என்கிறார். கூரையின் இடுக்கு வழியே வீட்டுக்குள் விழும் வெயிலில் மிதக்கும் தூசைப் போல அத்தனை அண்டங்களும் இறைவன் முன் சிறுத்துத் தெரிகின்றன என்கிறார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இப்படி ஒரு பார்வை! கச்சியப்பரின் கந்தபுராணத்திலோ சூரபன்மன் 1008 அண்டங்களை ஆண்டவன். சித்தாந்தப்படி உயிர்கள் எண்ணில் அடங்கா. தேவர் முதல் தாவரம் ஈறாக எழுவகைப் பிறப்பில் அவை வினைக்கேற்ற உடல் எடுக்கின்றன. கே2-18பியின் நுண்ணுயிரை இந்தப் பட்டியலில் எங்கே சேர்ப்பது என்று பண்டிதர்கள் வாதிடலாம். பட்டியலே உடைந்துவிடாது.

இதை வைத்து, அன்றே எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடில்லை. புராண அண்டம் வேறு, வானியல் கோள் வேறு. தவிர, நமக்கு உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது: தலம்.

நம் ஊரான வெள்ளானூரிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். சுந்தரர் பாடிய வட திருமுல்லைவாயில் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக்கொடி பின்னிக்கொள்ள, அவன் வாளால் வெட்ட, கொடிக்கடியில் இருந்த லிங்கத்தில் குருதி பெருகியது என்பது தலபுராணம். அந்த வெட்டுக்காயத்துக்காகவே அத்தலத்து மாசிலாமணீசுவரர் ஏறக்குறைய ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருக்கிறார். நந்தி சுவாமியைப் பார்க்காமல், அரசனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலத்தில் வெளியே பார்க்கிறது. இந்த இறைவனுக்கு ஊர் உண்டு, கொடி உண்டு, உடம்பில் தழும்பும் உண்டு. திருப்பள்ளியெழுச்சியின் கடைசிப் பாட்டில் திருமாலும் பிரமனுமே பூமியில் பிறக்கவில்லையே என்று ஏங்குகிறார்கள். ஆட்கொள்ளும் இடம் இந்தப் பூமி என்றால், மற்ற அண்டத்து உயிர்கள் எந்த ஊர்க் கோயிலுக்குப் போகும்?

இதற்கும் பழகிவிடுவோம் என்றே நினைக்கிறேன். மலேசியாவுக்குப் போன தமிழர் பத்துமலைக் குகையில் முருகனைக் கண்டுகொண்டார்கள். வானியலோடும் நாம் அப்படித்தான் வாழ்கிறோம். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். கண்ணால் பார்ப்பதற்கு ஏற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. அப்படித் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயிலோ, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறோம், பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிப் படமெடுத்ததால் திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் கூட்டம் குறையவில்லை. இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்கள் நாம். கோளில் உயிர் என்ற செய்தியா நம்மை அசைத்துவிடும்?

அசைப்பது நேர்ச் சந்திப்பாகத்தான் இருக்கும். பிற உயிருக்கு இடமுண்டு என்று நூலில் ஒப்புவது எளிது. அது வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே விடுவதுதான் பாடு. நமக்கு இதில் அனுபவம் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8ஆம் நாள் ஏ. வைத்தியநாத ஐயர் தலைமையில், சாதியின் பெயரால் அதுவரை தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்ட சிலர் நுழைந்தபோது, பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். நுழைந்தவர்கள் வேற்றுக்கோளிலிருந்து வரவில்லை; அதே தமிழ் பேசியவர்கள். நூற்றொரு கோடி அண்டம் பாடிய மரபில் வந்தவர்கள்தான் மறுத்தவர்களும். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. ஆகவே நம் சமயத்தின் அண்டவியலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாசலில் யாரை நிறுத்துவோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவாசகத்தில் சிவபுராணத்தோடு நின்றுவிடுபவர்களே அதிகம். திருவண்டப் பகுதியையும் பொருளுணர்ந்து ஒருமுறை ஓதுங்கள். அறிவியல் படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இடம் கொடுங்கள்.