இருட்டும் வெறுங்காலும்: பாம்புக்கடிக்குப் பின்னால் ஒரு சாதி வரலாறு

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிப்பு இது. அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் மருத்துவமனை ஆனாலும், பாம்புக்கடி என்று ஒருவர் வந்தால் அது இனி அரசின் கணக்கில் ஏற வேண்டும். இதை நாம் வரவேற்கிறோம். எண்ணப்படாத சாவு யாருக்கும் கடமையாவதில்லை என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

ஆனால் எண்ணத் தொடங்கும்போதே ஒன்றைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் எண்ணப் போகிறோமா, எந்தத் தெருக்காரர்கள் என்றும் எண்ணப் போகிறோமா?

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். ஏறக்குறைய எல்லோரும் கிராமத்தவர்கள். சாவுகளில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில், அதாவது வயலில் வேலை நடக்கும் காலத்தில் நேர்ந்தவை. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயரில் ஒரு சொல் சரியாக விழுந்திருக்கிறது: புறக்கணிக்கப்பட்ட. இங்கே புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமல்ல, அது யாருக்கு வருகிறதோ அவர்களும்தான்.

"பாம்புக்கு என்ன சாதியா தெரியும்?" என்று கேட்பார்கள். தெரியாதுதான். ஆனால் பாம்புக்கும் மனிதருக்கும் இடையில் நிற்கிற எல்லாவற்றுக்கும் சாதி உண்டு. வீட்டுமனைக்கு உண்டு. செருப்புக்கு உண்டு. தெருவிளக்குக்கு உண்டு. கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் உண்டு. பாம்புக்கடியின் வரலாறு இவற்றின் வரலாறுதான்.

புறம்போக்கில் குடிவைத்தார்கள்

வடக்கே வேடசந்தூர், கிழக்கே நத்தம், தெற்கே நிலக்கோட்டை, மேற்கே ஒட்டன்சத்திரம் என்று விரிகிற திண்டுக்கல் சமவெளியைப் பாருங்கள். செம்மண், கல்வேலி, பனை, மானாவாரிக் காடு, ஊருக்கொரு கம்மாய். வறண்ட கல்லாங்காடு சுருட்டை விரியனுக்கு ஏற்ற இடம். கடலையும் சோளமும் விளைகிற கொல்லையில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இருக்கும். கட்டுவிரியன் இராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பாம்புக்கடிச் சாவுகளுக்குக் காரணமான நான்கும் இவைதான்.

இந்த நிலப்பரப்பில் ஊர் எங்கே இருக்கிறது, காலனி எங்கே இருக்கிறது? ஊர் மேட்டில், கோயிலை ஒட்டி, சாலையை ஒட்டி. காலனி கம்மாய்க் கரையின் கீழே, ஓடைப் புறம்போக்கில், சுடுகாட்டுக்குப் போகும் வழியில், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே. நமக்கும் பாம்புக்கும் ஒரே வகை நிலத்தைத்தான் இந்தச் சமூகம் ஒதுக்கியது. அதன் பெயர் புறம்போக்கு.

இது தற்செயலாக நடந்ததில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் சென்னை அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், பறையர் மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை என்பதையும், மிராசுதார் நினைத்தால் குடிசையை விட்டே விரட்ட முடியும் என்பதையும் எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை வந்தது. செங்கல்பட்டு நெல் விளையும் சீமை, திண்டுக்கல் மானாவாரிச் சீமை. நில முறைகள் வேறு. ஆனால் சேரி எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சேரி முடிவு செய்யவில்லை என்பது இரண்டுக்கும் பொது.

குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வர 1971 ஆனது. ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1978-இல் வந்தது. மனைப்பட்டா கிடைத்தது பெரிய வெற்றிதான். ஆனால் பட்டா கொடுத்த இடம் எது? பெரும்பாலும் ஊரார் வேண்டாம் என்று விட்ட பொட்டலும் முள்காடும்தான். புற்றை வெட்டி, முள்ளை எரித்து, நம் முன்னோர் அங்கே வீடு கட்டினார்கள். "பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது" என்று இன்று நாம் சொல்வதற்கு முன், பாம்பின் வீட்டுக்குள் நம்மைக் கொண்டுபோய் வைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டாமா?

செருப்பு தைத்தவனின் வெறுங்கால்

விரியன் கடி பெரும்பாலும் காலில்தான் படும். பாதத்திலும் கணுக்காலிலும். மூடிய செருப்பு ஒன்றே பல கடிகளைத் தடுத்துவிடும். எந்த மருத்துவரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது என்ற வரிசையில், குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. இதை மரியாதைக் குறைவு, அவமானம் என்றே இதுவரை எழுதி வந்திருக்கிறோம். அது உண்மை. ஆனால் அது உயிர்ப் பிரச்சினையும்கூட. முள்ளும் தேளும் விரியனும் உள்ள மண்ணில் ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்துச் 'செருப்பு போடாதே' என்று சொன்னால், அதற்கு 'கடிபட்டுச் சா' என்றும் பொருள் உண்டு.

திண்டுக்கல்லுக்கு இதில் இன்னொரு கசப்பும் உண்டு. இது தோல் ஊர். தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பிலும் நாற்றத்திலும் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அதற்கு முன்பும், பம்புசெட்டு வராத காலத்தில், கிணற்றில் கமலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். சம்சாரியின் காலுக்குச் செருப்பு தைத்தவர்களும் அவர்களே. தைத்த கைக்குச் சொந்தக்காரர் ஊர்த் தெருவில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். இந்தக் கதை இந்த வட்டாரத்தில் நம் வீடுகள் எதற்கும் புதிதல்ல.

பொது இடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. 2015-இலும் அப்படி எழுத வேண்டிய தேவை இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே.

விளக்கு வந்த வரிசை

பாம்பு இருட்டில் நடமாடும். இருட்டில் நடக்க வேண்டியவர்கள் யார்? கிராமத்துக்கு மின்சாரம் வந்த வரலாற்றை மின்வாரியப் புள்ளிவிவரங்களில் பாருங்கள். கிராமங்கள் ஒரு கணக்காகவும், 'அரிசனக் காலனிகள்' இன்னொரு கணக்காகவும் தனித்தனியே இருக்கும். ஊருக்கு விளக்கு வந்துவிட்டால் காலனிக்கும் வந்துவிட்டது என்று பொருளல்ல என்பதை அரசின் ஏடே ஒப்புக்கொண்டதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கக்கூஸ் இல்லாத வீட்டுப் பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும்தான் கருவேலங்காட்டுக்குப் போக முடிந்தது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப் பூ பறிப்பவர்கள் விடியுமுன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். மொட்டு விரியுமுன் சந்தைக்குப் போனால்தான் விலை. தலையில் ஒரு டார்ச் லைட், செடிக்குள் வெறுங்கை. காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவருக்கு இரவே பொழுது. சிறுமலை அடிவாரத்தில் காட்டுமாடும், கன்னிவாடிப் பக்கம் யானையும் அந்த இரவில் சேர்ந்துகொள்ளும். தோட்டம் ஒருவருடையது, காவல் இன்னொருவருடையது.

வீடு திரும்பினால் தரையில் பாய். கட்டுவிரியன் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை கீழே இறங்குவது, பேச்சுக் குழறல். என்ன நடந்தது என்று புரிவதற்குள் மூச்சு நின்றுவிடும். ஒரு கட்டிலும் நன்றாகச் செருகிய கொசுவலையும் தடுக்கக்கூடிய சாவு இது. விதி என்று சொல்லிவிட்டு நாம் அடக்கம் செய்த பல சாவுகளுக்கு, ஒரு கட்டிலின் விலைதான் குறுக்கே நின்றிருக்கிறது.

மருந்தின் வரலாற்றில் யார் பெயர்?

கம்பெனியார் 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லைப் பெற்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1796-இல், பேட்ரிக் ரஸ்ஸல் என்ற கம்பெனி மருத்துவர் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றிய நூலை வெளியிட்டார். விசாகப்பட்டினத்து மக்கள் 'கட்டுக ரேகுல பொட' என்று தெலுங்கில் அழைத்த ஒரு பாம்பை அதில் விவரித்தார். நம் கண்ணாடி விரியன்தான் அது. இன்று உலகம் அதை 'ரஸ்ஸல் விரியன்' என்கிறது. பாம்பை அறிந்திருந்த மக்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் விஷமுறிவு மருந்தை உருவாக்கினார். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது அதன் வழி. இன்றும் அதே வழிதான். அதற்கு முதலில் பாம்பின் விஷம் வேண்டும். அதை எடுப்பவர் யார்?

பாம்புத் தோல் வணிகம் தடைபட்டு இருளர் மக்கள் பிழைப்பிழந்து நின்ற காலத்தில், 1978-இல், ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. திருட்டுப் பட்டம் கட்டிக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போகப்படும் ஒரு பழங்குடி மக்களின் கையில்தான் இந்த நாட்டின் உயிர்மருந்து தொடங்குகிறது. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் மகிழ்ந்ததற்குக் காரணம் விருது மட்டுமல்ல. ரஸ்ஸல் காலத்தில் எழுதாமல் விட்ட பெயர்களில் இரண்டாவது ஏட்டில் ஏறியது.

பாம்பு நம் எதிரியல்ல

இவ்வளவும் எழுதியது பாம்பை அடித்துக் கொல்லுங்கள் என்று சொல்வதற்காக அல்ல. எலியைத் தின்று விளைச்சலைக் காக்கிற உயிர் அது. அதைக் கொல்லப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தம் தழுவ நாகபுரியைத் தேர்ந்தெடுத்த பாபாசாகேப், அந்த மண் நாகர்களின் மண், பௌத்தத்தைப் பரப்பிய மக்களின் மண் என்று விளக்கினார். நாகம் என்ற சொல்லை இழிவாக அல்ல, நம் முன்னோரின் பெயராக அவர் கையில் எடுத்தார். நமக்குப் பகை பாம்போடு இல்லை.

நாம் கேட்பது இவற்றைத்தான். பாம்புக்கடிப் பதிவில் வயதும் பாலினமும் இருந்தால் போதாது. கடிபட்ட இடம், செய்துகொண்டிருந்த வேலை, குடியிருப்பு, சமூகம் ஆகியவையும் இருக்க வேண்டும். காலனிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் தெருவிளக்கு வேண்டும். கூலிவேலைக்கு அழைப்பவர் மூடிய செருப்பும் கையுறையும் விளக்கும் கொடுப்பது வேலை விதியாக வேண்டும். வீட்டுமனை ஒதுக்கும்போது குடியிருக்கத் தகுந்த நிலம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் விஷமுறிவு மருந்தும், அதைப் போடத் தெரிந்த மருத்துவரும் இருக்க வேண்டும். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் குஜிலியம்பாறைக் காட்டில் கடிபட்டவர் அங்கே உயிரோடு போய்ச் சேர வேண்டுமே!

அதுவரை நாம் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுவோம். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கொலுசு, மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அங்கே இலவசம், அது நம் உரிமை.

பாம்பின் விஷத்தை முறிக்க மருந்து கண்டுபிடித்து நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த மருந்துக்கும் நம் தெருவுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்தது சாதி. முறிக்க வேண்டியது அந்த விஷத்தைத்தான்.