பழவேற்காட்டில் பத்து வருடங்கள்



பவுல் ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட வழியில் புத்தேயோலியில் இறங்கி, அங்கிருந்த சகோதரரோடு ஏழு நாள் தங்கியதை அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தென் இத்தாலியின் கடற்கரையிலுள்ள அந்தத் துறைமுகத்தை நிறுவியவர்கள் கிரேக்கர். யூதரும் அங்கே குடியிருந்தனர். அவ்வாறே பல நாட்டார் வந்து தங்கிய துறைமுகம் ஒன்று நமக்கு வெகு அருகில் உண்டு. அது பழவேற்காடு.

அங்குள்ள குப்பங்களின் பெயர்களே ஒரு சரித்திரம். மாதாகுப்பம் என்னும்போது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மாதா வணக்கம் நினைவுக்கு வருகிறது; கோட்டைக்குப்பம் என்னும்போது டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை. கடலோர மணல்திட்டிலுள்ள லைட்ஹவுஸ் குப்பம் ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கத்தால் பெயர் பெற்றது. இவர்களுக்கு முன்பே வந்து வணிகம் செய்த இஸ்லாமியரின் வழித்தோன்றல்களும் இன்றுவரை அவ்வூரில் வாழ்கின்றனர்.

சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு 1690 வரை பழவேற்காடே தலைமையிடம். அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் 1632 முதல் 1642 வரை அங்கே ஊழியம் செய்தவர் ஆபிரகாம் ரொஜேரியஸ் என்னும் போதகர். நம் சபைகளில் இவர் பெயர் அறிந்தோர் சிலரே. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முந்தியவர் இவர்.

ரொஜேரியஸ் செய்த காரியம் அக்காலத்தில் அபூர்வமானது. பத்மநாபர் என்னும் பிராமணரிடம் அமர்ந்து, அவருடைய மக்களின் வாழ்க்கை, சடங்கு, நம்பிக்கை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீசிய மொழி. பர்த்ருஹரியின் நீதிமொழிகளைப் பத்மநாபர் அம்மொழியில் விளக்க, இவர் டச்சில் எழுதினார். ரொஜேரியஸ் 1649-இல் மரித்தார். 'மறைந்திருக்கும் புறமதத்திற்குத் திறந்த கதவு' என்னும் அவருடைய நூல் 1651-இல் லெய்டனில் வெளிவந்தது. சமஸ்கிருத நூலொன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல்முறை என்பர். தலைப்பிலுள்ள 'புறமதம்' என்ற சொல் நமக்கு உறுத்தலாம். ஆனாலும் அயலானைக் குறித்துப் பேசுமுன் அவன் வாயாலேயே கேட்டறிய வேண்டும் என்ற பொறுமை அவருக்கு இருந்தது. அத்தேனேயில் பவுல் பட்டணத்தைச் சுற்றிப் பார்த்த பின்பே மேடையில் நின்றார் அல்லவா?

இந்த வரலாற்றை இத்தோடு நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அதே கம்பெனி துணிகளோடு மனிதரையும் ஏற்றுமதி செய்தது. 1620-களில் போரும் பஞ்சமும் இக்கரையை வாட்டியபோது, பிழைக்க வழியின்றி விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1640-களின் பஞ்சத்திலும் அவ்வாறே நடந்தது. ரொஜேரியஸின் பத்து வருடங்கள் இவ்விரண்டுக்கும் இடையே அமைந்தவை. பத்மநாபரிடம் அத்தனை கேள்விகள் கேட்ட போதகர், தமக்குச் சம்பளம் கொடுத்தவர்களிடம் இதைக் குறித்து ஏதேனும் கேட்டாரா? இக்கேள்வியை அவரிடம் மட்டும் வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. சம்பளம் வாங்கும் போதகன் நானும், காணிக்கை தரும் சபையார் நீங்களும் இதற்குள் இருக்கிறோம்.

கோட்டை இன்று இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வணிகரின் பெயர்களும், அவர்கள் மரித்த ஆண்டுகளும், குடும்பச் சின்னங்களும் கல்லில் அழகாக வெட்டப்பட்டுள்ளன. அக்கற்களில் பத்மநாபர் பெயர் இல்லை. கப்பலேறியவர்களின் பெயர்களும் இல்லை.