கொயினாவும் குருதி மரபும்

பேராக்கின் மலையடிவார இரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு என்பது ஆள்கணக்கு எடுப்பதோடு முடிந்துவிடவில்லை. காய்ச்சல் மிகுந்த காலங்களில், வரிசையில் நின்றவர்களுக்குக் கொயினாவும் கொடுக்கப்பட்டது. காடழித்தபின் வெயில் விழும் தெளிந்த ஓடைகளிலேதான் அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு பெருகும். ஆகவே, தோட்டம் திறந்த இடங்களில் மலேரியாவும் உடன் வந்தது. டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் தொடங்கிய வடிகால் முறைகள் நோயைத் தணித்தன. எனினும் கொயினாவின் தேவை நீங்கவில்லை.

அம்மருந்துக்கு ஒரு குறை உண்டு. குருதியிலுள்ள கிருமியை அது அடக்கும். ஈரலில் உறங்கிக் கிடக்கும் வைவாக்ஸ் கிருமியைத் தொடாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். உறங்கும் கிருமியை அழிக்க 1920களில் செருமானியர் பமாக்குயினைச் செய்தனர்; அதனினும் மேலான பிரைமாக்குயின் 1952இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஆனால், மருந்துண்ட சிலருக்குச் சில நாளில் சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளித்தது, குருதி குன்றியது. அதே அளவை உண்ட பிறருக்கோ ஒரு தீங்குமில்லை.

காரணம் மருந்திலா, உடலிலா? இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் ஆல்விங் குழுவினர் ஆராய்ந்தனர். மருந்து ஒவ்வாதவரின் சிவப்பணுக்களை ஒத்துக்கொள்பவர் உடலில் ஏற்றி மருந்து தந்தபோது, ஏற்றிய அணுக்கள் மட்டுமே சிதைந்தன. குறை அணுவிலேயே இருந்தது. அது ஜி-6-பி-டி என்னும் நொதியின் குறை என்பது 1956இல் தெளிவாயிற்று. இவ்வறிவு சிறைக் கைதிகளின் உடலில் பெற்ற அறிவு என்பதை மறைத்து இவ்வரலாற்றைச் சொல்லுதல் முறையன்று.

சிவப்பணுவைச் சிதைவினின்று காப்பது இந்நொதி. இதனை ஆக்கும் மரபுக் கூறு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாய் தந்தது. அது பழுதாயின் ஈடு செய்ய வேறில்லை. பெண்ணுக்கு இரண்டு உண்டு. ஆயினும், ஒவ்வோர் அணுவிலும் ஒன்றே தொழிற்படும் என்று மேரி லயன் 1961இல் கூறினார். ஒன்று மட்டும் பழுதான பெண்ணின் குருதியில் நல்லணுவும் குறையணுவும் கலந்திருக்கும். கலப்பின் அளவு பெண்ணுக்குப் பெண் வேறுபடும். மகனுக்கு வந்த குறைக்குத் தாயைக் குற்றம் சொல்லும் பேதைமையும் வேண்டா. அவளும் பெற்றோரிடமிருந்து பெற்றதே அது.

இனி வமிசம். தொடக்கத்தில் இக்குறை அமெரிக்கக் கறுப்பின வீரரிடையே மிகுதியாகக் காணப்பட்டதால், நிறத்தோடு சேர்த்து எண்ணினர். விரைவிலேயே அது சார்டினியாவிலும் ஆசியாவிலும் காணப்பட்டது. உண்மையில் அது நிறத்தை அன்று, பழைய மலேரியா நிலத்தைத் தொடர்கிறது. குறையணு மலேரியாவுக்கு ஓரளவு தடையாதலால், அங்கே அது தலைமுறைதோறும் நிலைத்தது. இன்று உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேரிடம் இக்குறை உண்டு. முன்னோரைக் காத்த ஒன்றே மருந்துக்கு முன் பகையாகிறது!

மலேசியாவில் சீனர், மலாயரைவிட இந்தியரிடம் இது குறைவு. குறைவு என்பது இல்லை என்பதாகாது. ஒரிசா என்றே பெயர் பெற்ற வகை இந்தியருடையது. மலாயரிடையே வியங்சான், சீனரிடையே கேண்டன் வகைகள் உண்டு. இனப்பெயரை மட்டும் கேட்டு மருந்தளிப்பவர் பிழை செய்வர்.

ஆகவேதான் இந்நாட்டில் பிறந்த குழந்தையின் தொப்புட்கொடிக் குருதி சோதிக்கப்படுகிறது. குறையுள்ள குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகலாம். அதன் துணிகளிடையே பாச்சை உருண்டை வைத்தலும் ஆகாது. வழக்கமான ஒளிர்சோதனை ஆண் குழந்தையின் குறையை நன்கு காட்டும். பெண்ணின் அரைகுறை நிலையைத் தவறவிடக்கூடும். 2018இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட டாஃபெனோக்குயினுக்கு இது பெருந்தடை. ஒருவேளை உண்டால் உடலில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து அது; தீங்கு தோன்றியபின் நிறுத்த வழியில்லை. எனவே நொதியின் செயல் 70 விழுக்காட்டுக்கு மேல் உண்டா என்று அளந்த பின்னரே, ஆணாயினும் பெண்ணாயினும், அதனைத் தருகின்றனர்.