டட்லி மூரின் மறுபக்கம்

1965-ஆம் ஆண்டில் டெக்கா நிறுவனம் இலண்டனில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. பியானோ, பேஸ், டிரம் என்னும் மூன்று கருவிகளைக் கொண்ட ஒரு சிறு ஜாஸ் குழுவின் தட்டு அது. அதன் பெயரைத் தமிழில் சொல்வதானால் ‘டட்லி மூரின் மறுபக்கம்’ எனலாம். இசைக் கலைஞர் ஒருவர் தம் இசைத்தட்டுக்கு இப்படிப் பெயரிட வேண்டிய தேவை என்ன? பியானோ வாசித்த டட்லி மூரை இங்கிலாந்து மக்கள் நகைச்சுவை நடிகராகவே அறிந்திருந்தனர். தம்மைக் கண்டதும் சிரிக்க ஆயத்தமாகிவிடும் மக்களிடம், சற்றே சிரிப்பை நிறுத்திக் கேளுங்கள் என்று அவர் விடுத்த வேண்டுகோளாகவே அந்தப் பெயரைக் கொள்ள வேண்டும்.

மூர் 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். வளர்ந்தது தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த டாகன்ஹாம் பகுதியில். தந்தை இரயில்வேயில் மின்பணியாளர். பிறவியிலேயே பாதங்கள் வளைந்திருந்தன. இடக்கால் சூம்பிக் குட்டையாயிற்று. அறுவைச் சிகிச்சைகளிலும் மருத்துவமனைப் படுக்கையிலும் இளமையின் பெரும்பகுதி கழிந்தது. பள்ளியில் பிள்ளைகள் ஏளனம் செய்தனர். பிறர் தம்மைப் பார்த்துச் சிரிக்குமுன் தாமே அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டால் அடி விழாது என்பதை அச்சிறுவர் கண்டுகொண்டார். நகைச்சுவை அவருக்குக் கேடயமாக வந்த கலை. இசையோ அவர் தேடிச் சென்ற கலை.

தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்தார். பதினொரு வயதில் இலண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியில் உதவிச் சம்பளம் கிடைத்தது. பின்னர் ஆக்ஸ்போர்டிலுள்ள மாட்லின் கல்லூரி ஆர்கன் வாசிப்புக்காக அவருக்கு உதவிச் சம்பளம் தந்தது. ஆர்கன் கைவிரல்களால் மட்டும் வாசிக்கும் கருவி அன்று; அதன் தாழ்ந்த சுரங்களைக் கால்களால் மிதித்து எழுப்ப வேண்டும். சூம்பிய காலுடைய ஒரு பிள்ளை அக்கருவியைத் தேர்ந்தெடுத்தான் என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பது தகும். 1957-இல் இளங்கலைப் பட்டமும் 1958-இல் இசைப் பட்டமும் பெற்று அவர் வெளியேறினார்.

கல்லூரி அவருக்குப் பாக்கையும் பீத்தோவனையும் கற்பித்தது. அவர் மனத்தைப் பறிகொடுத்ததோ அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் எரால் கார்னரின் பியானோ வாசிப்பிடம். கார்னருக்கு இசைக் குறியீடுகளைப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டே கற்றவர். பட்டம் பெற்ற ஒருவர் ஏட்டைப் படிக்கத் தெரியாத ஒருவரை மானசீக ஆசானாகக் கொண்டார். கல்வி வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் அருமையாகவே நேர்கின்றன.

கார்னரின் பாணியைச் சற்று விளக்க வேண்டும். ஜாஸ் இசையில் எடுத்துக்கொண்ட மெட்டை முதலில் ஏறத்தாழ உள்ளபடி வாசிப்பர். பின்பு அதன் அடியிலுள்ள சுரக்கூட்டுகளின் வரிசை மாறாமல், தாளக்கணக்கும் பிறழாமல், மேலே புதிய சுரங்களை அவ்வப்போதே படைத்துக்கொண்டு செல்வர். நம் கச்சேரிகளில் கேட்கும் கற்பனைச் சுரத்திற்கு இது உறவு. அங்கே இராகம் எல்லை வகுக்கிறது, இங்கே சுரக்கூட்டு வகுக்கிறது. கார்னரின் இடக்கை கிதார் மீட்டுவதுபோல் அசையாத தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். வலக்கை மட்டும் அத்தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, வருமோ வராதோ என்று கேட்பவரை ஏங்க வைத்து, உரிய இடத்தில் வந்து சேரும். மூர் இதைத் தம் இரத்தத்தில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்கார் பீட்டர்சனின் விரைவும் அவரைக் கவர்ந்தது.

1960-ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில், ஆலன் பென்னெட், பீட்டர் குக், ஜோனத்தன் மில்லர் ஆகியோருடன் அவர் நடித்த ‘பியாண்டு த ஃபிரிஞ்ச்’ என்னும் அங்கத நிகழ்ச்சி அரங்கேறியது. மறு ஆண்டு இலண்டனையும், 1962-இல் நியூயார்க்கையும் அது வென்றது. அதில் மூர் ஒரு சாதாரண இராணுவ அணிவகுப்பு மெட்டைப் பீத்தோவனின் பாணியில் வாசிப்பார். முடிவு வந்துவிட்டதுபோல் தோன்றும், வராது. மீண்டும் ஒரு முடிவு, அதுவும் முடியாது. வாசிப்பவர் முகத்தில் கலவரம் ஏற ஏற, அவையில் சிரிப்பு ஏறும். பீத்தோவனை உள்ளும் புறமும் அறியாதவர் இவ்வாறு கேலி செய்ய இயலாது.

1961 அக்டோபரில் பீட்டர் குக் இலண்டன் சோஹோப் பகுதியில் ‘எஸ்டாபிளிஷ்மென்ட்’ என்னும் அங்கத மன்றத்தைத் திறந்தார். மேலே ஆட்சியாளரை எள்ளும் நாடகங்கள். கீழே நிலவறையில் மூரின் மூவர் குழு. பின்னர் பேஸில் பீட் மெக்கர்க்கும் டிரம்மில் கிறிஸ் காரனும் அமைந்தபோது அக்குழு உறுதிப்பட்டது. 1965 இல்தான் பிபிசி தொலைக்காட்சியில் குக்கும் மூரும் ‘அதுமட்டுமன்று, இதுவும்’ எனப் பொருள்படும் நிகழ்ச்சியைத் தொடங்கினர். நகைச்சுவைக் காட்சிகளுக்கிடையே மூவர் குழுவின் வாசிப்பும் அதில் இடம்பெற்றது. நிகழ்ச்சியின் பெயர் இசைத்தட்டின் பெயரைக் காட்டிலும் உண்மைக்கு நெருங்கியது.

ஏனெனில் ‘மறுபக்கம்’ என்பது உலகத்தார் போட்ட கோட்டை ஒப்புக்கொள்ளும் சொல். கார்னரிடம் கற்ற அந்தப் பின்தங்கல் நகைச்சுவையிலும் உயிர்நாடி அன்றோ? சொல்லை ஒரு கணம் நிறுத்தி, கேட்பவரை ஏங்க வைத்து, பின் விடுவதுதானே நகைச்சுவையின் தொழில்! மூரின் நடிப்பைப் பார்த்தவர்கள் அவருடைய இடக்கைத் தாளத்தைக் கண்டார்கள். தட்டைக் கேட்டவர்கள் அவருடைய குறும்பைக் கேட்டார்கள். ஒரே மனம் இரு வாயில்களின் வழி வெளிவந்தது.

1966-இலும் 1969-இலும் அக்குழுவின் வேறு தட்டுகள் வெளிவந்தன. 1967-இல் வந்த ‘பிடாஸில்டு’ திரைப்படத்தில் மூர் நடித்ததோடு இசையும் அமைத்தார். பிறகு ஹாலிவுட் அழைத்தது. 1979-இல் ‘டென்’ படத்தில் இசையமைப்பாளராக நடித்தார். 1981-இல் ‘ஆர்தர்’ படத்தில் செல்வக் குடிகாரனாக நடித்து ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். புகழ் பெருகப் பெருகப் பியானோ பின்னுக்குப் போயிற்று. ஜாஸ் உலகம் இழந்தது சிறிதன்று.

1990-களில் அவர் நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, விரல்கள் மனத்தின் கட்டளையை மீறின. பலர் அவர் குடித்திருப்பதாகவே முடிவு கட்டினர். ஆர்தரின் வேடம் அவரை விட்டுப் போகவில்லை என்று சிரித்தவரும் உண்டு. மூளையை அரித்து உடலசைவைப் பறிக்கும் தீராத நோய் தம்மைப் பற்றியிருப்பதை 1999-இல் அவரே உலகுக்கு அறிவித்தார். உலகமே தவறாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் பியானோவை இழந்துகொண்டிருந்தார்.

2001-ஆம் ஆண்டு நவம்பரில், பிரிட்டிஷ் அரசு அளித்த விருதைப் பெறுவதற்காகப் பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். இளவரசர் சார்லஸ் விருதை அளித்தார். நன்றி சொல்ல மூருக்குக் குரல் எழவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின், 2002 மார்ச் 27-ஆம் நாள், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் அவர் காலமானார். வயது 66.