படிவத்தின் இடப்பக்கம்

1976ஆம் ஆண்டின் அலுவல்மொழி விதிகளில் 11ஆம் விதி, மத்திய அரசு அலுவலகங்களின் படிவங்களும் பதிவேட்டுத் தலைப்புகளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும் என்கிறது. (அவ்விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்பதை முதல் விதியே சொல்லிவிடுகிறது.) தில்லி அலுவலகப் படிவங்களில் 'பிதா கா நாம் / ஃபாதர்ஸ் நேம்' என இருமொழிச் சொற்கள் சாய்கோட்டால் பிரிந்து நிற்பதன் பின்னணி இதுவே. தாளில் இது பெருஞ்சிக்கல் அன்று. அச்சுக்கோப்பவர் நீண்ட சொல்லைக் கண்ணால் அளந்து, மிஞ்சிய இடத்தில் கோடு போட்டார்.

வலைப்பக்கத்துக்கு அந்தக் கண் இல்லை. 1995இல் வந்த எச்.டி.எம்.எல். 2.0இல் உள்ளீட்டுப் பெட்டி உண்டு. அதற்குரிய சொல்லைப் பெட்டியோடு பிணைக்கும் உறுப்பு இல்லை. சொற்களையும் பெட்டிகளையும் நேராக நிறுத்த அட்டவணையே கைகொடுத்தது: இடப்பத்தியில் சொல், வலப்பத்தியில் பெட்டி. தாள் படிவத்தின் நகல்தான் அது. 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு வெளிவந்த பின்னும், உலாவிகளின் ஆதரவு சீராக இல்லாததால் அட்டவணைப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

1997 டிசம்பர் 18இல் எச்.டி.எம்.எல். 4.0 'லேபிள்' என்னும் உறுப்பை அறிமுகம் செய்தது. அதன் 'ஃபார்' பண்பு, இந்தச் சொல் இந்தப் பெட்டிக்குரியது என்று கணினிக்கு அறிவிக்கிறது. அட்டவணையால் நேராக்கப்பட்ட படிவத்தில் இப்பிணைப்பு இல்லாத குறை கண்ணுக்குத் தெரியாது. டேப் விசையால் பெட்டிக்குப் பெட்டி தாவும் பார்வையற்றவருக்கு அது உடனே தெரியும்: திரைவாசிப்பான் அருகிலுள்ள சொல்லை ஊகித்துச் சொல்லும், அல்லது எழுதும் இடம் என்று மட்டும் அறிவிக்கும். ஊகம் பிழைத்தால் தந்தை பெயருக்குரிய இடத்தில் தம் பெயர் விழும். தேசியத் தகவலியல் மையம் 2009இல் உருவாக்கிய அரசு வலைத்தள வழிகாட்டு நெறிகள், முந்தைய டிசம்பரில் வெளிவந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 அணுக்க நெறிகளைத் தழுவியமையின் பயன் இங்கேதான் விளங்கும்.

நேராக்கும் கலை இதற்கிடையே மாறிக்கொண்டிருந்தது. 'ஃப்ளோட்' கொண்டு லேபிளை இடப்பக்கம் ஒதுக்கி, அதற்கு நூறு பிக்சல் போல ஒரே அகலம் தருவது வழக்கமாயிற்று. 'நேம்', 'ஏஜ்' போன்ற சொற்களுக்கு அது போதும். 'மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எண்' என்பதற்குப் போதாது. உலாவி வரியை இயல்பாக இடைவெளியில்தான் முறிக்கும்; தமிழோ ஒட்டுகளைச் சேர்த்து ஒரே சொல்லாக நீட்டும். ஒதுக்கிய அகலத்தை மீறிய சொல் பெட்டியின்மேல் ஏறி நிற்கும். 2017 மார்ச்சில் முதன்மை உலாவிகளில் பரவிய 'கிரிட்' முறையில் 'மேக்ஸ்-கன்டென்ட்' என்று எழுதினால், மிக நீண்ட சொல்தொடருக்கு ஏற்பப் பத்தி தானே விரியும்; பழைய அச்சுக்கோப்பவரின் கண் திரும்ப வந்தது போல. ஆனால் கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் அதுவும் இடராகும். அங்கே லேபிளைப் பெட்டிக்கு மேலே வைப்பதே தகும்.

அண்மைக்காலப் படிவங்கள் சில லேபிளையே நீக்கி, பெட்டிக்குள் வெளிறிய எழுத்தில் குறிப்புத் தருகின்றன. நேராக்கும் வேலை அங்கே இல்லை. தட்டத் தொடங்கியதும் குறிப்பு மறைகிறது. பாதியில் திரும்பிப் பார்ப்பவருக்கு, அப்பெட்டி தம் பெயருக்குரியதா தந்தை பெயருக்குரியதா என்று சொல்ல அங்கே எதுவும் இருப்பதில்லை.